காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் பயந்திருக்க வேண்டும்

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் "ஹார்ட் அட்டாக்" என்றுதான் சொன்னோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் நாலு நாள் சளிக்காய்ச்சலில் படுத்திருந்தார் என்பதை யாரும் கேட்கவும் இல்லை, நாங்களும் சொல்லவில்லை. சாதாரணக் காய்ச்சல்தானே, அதுதான் விட்டுப்போச்சே என்று கதையிலிருந்தே அதை எடுத்துவிட்டோம். எனக்கு இப்போது தெரிகிறது, கதையே அங்கேதான் ஆரம்பித்தது. வீட்டில் எழுபது தாண்டிய, இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த, சுகர் இருக்கிற அப்பாவோ மாமியாரோ இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் டாக்டர் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவள். எனக்கு இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே என்ற ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது 74. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் 34 வருஷம் ரைட்டராக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கீழே வர மாட்டேன் என்று அம்மாவோடு அங்கேயே ஒரு சின்ன வீட்டில் இருந்தார். சேலத்து வெயில் அவருக்கு ஆகாது. 2016இல் ஒரு ஸ்டென்ட் வைத்தோம். சுகர் இருபது வருஷத்துக்கு மேல். பிரஷர் உண்டு. ஆனால் ஆளைப் பார்த்தால் நோயாளி என்று சொல்ல முடியாது, காலையில் மிளகுக் கொடியைப் பார்க்கிறேன் என்று சரிவில் இறங்கி ஏறிவிட்டு வருவார்.

2021இல் கொரோனா பயத்தில் அவரை நாங்கள் பொத்திப் பொத்தி வைத்தோம். அப்போது எல்லோருக்கும் மனப்பாடமான விஷயம் இது: வயசானவர்கள், இதய நோய், சுகர், பிரஷர் இருப்பவர்களைத்தான் அது அதிகம் கொண்டுபோகும். சீனாவில் 2020 பிப்ரவரியில் 44,672 நோயாளிகளை வைத்து வெளியிட்ட கணக்கில் மொத்தமாகப் பார்த்தால் நூற்றுக்கு 2.3 பேர் இறந்திருந்தார்கள். இதய நோய் இருந்தவர்களில் அதுவே 10.5. இந்தக் கணக்கு அன்றைக்கு வாட்ஸாப்பில் வராத குடும்பம் இல்லை. ஆனால் கொரோனா போன பிறகு, அந்த எச்சரிக்கையும் அதோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டோம். ஃப்ளூ என்கிற சாதாரணக் காய்ச்சலும் இதே ஆட்களைத்தான் தேடிப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. கை கழுவும் பாட்டிலைக்கூடத் தூக்கிப் போட்டாச்சு.

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குக் காய்ச்சல். மலையில் விடாத தூறல், பனி. பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு முந்தின வாரமே இருமலும் சளியும் இருந்திருக்கிறது. அம்மா போனில் சொன்னபோது, "பாரசிட்டமால் குடும்மா, கஷாயம் வை" என்று சொல்லிவிட்டு நான் தீபாவளிக்குப் பிந்தின கணக்கு முடிப்பதில் மூழ்கிவிட்டேன். புதன்கிழமை உடம்பு வலி தாங்காமல் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். இடுப்பில் ஒரு ஊசி, நாலு வகை மாத்திரை, 350 ரூபாய். ஊசி போட்ட அன்றைக்குச் சாயங்காலமே வலி குறைந்து, "கை ராசிக்கார டாக்டர்" என்று அப்பா போனில் மெச்சிக்கொண்டார்.

அந்த ஊசி டைக்ளோஃபெனாக் என்று பிறகு சீட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த ரக வலி மருந்துகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், கிட்னிக்கும் சுமை, இதயக் குழாய் அடைப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டியது என்றார் அங்கிருந்த டாக்டர். மூக்கடைப்புக்குக் கொடுத்த மாத்திரையில் ஃபினைலெஃப்ரின் இருந்தது, அது பிரஷரை ஏற்றக்கூடியது. அதனால்தான் அப்பா இறந்தார் என்று நான் சொல்ல வரவில்லை, யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கிளினிக்கில் ஸ்டென்ட் விஷயத்தை அவர்கள் கேட்கவில்லை, இவர்கள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டால், "காய்ச்சலுக்குத்தானே கண்ணு போனோம்" என்கிறாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். இனி யார் வீட்டுப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனாலும், உட்கார்ந்ததும் வாயில் வரவேண்டிய முதல் வாக்கியம் "இவருக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் இருக்குங்க". காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இன்னொன்று, ஃப்ளூவுக்கு ஓசல்டாமிவிர் என்று மாத்திரை இருக்கிறது. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் முழுப் பலன். வயசான இதய நோயாளிக்கு ஃப்ளூ மாதிரி இருந்தால் "இந்த மாத்திரை தேவைப்படுமா" என்று நாமே வாயைத் திறந்து கேட்கலாம், தப்பில்லை. அப்பாவுக்கு அது ஆறாம் நாள் ஐ.சி.யூ.வில்தான் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது. தெர்மாமீட்டரில் 98.4. அம்மா போனில் சிரித்தாள். நான் மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் என்று வேண்டிக்கொண்டதைக்கூடச் சொன்னேன். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, அஸ்தம்பட்டியில் பழம், பிரெட், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் மனுஷன் வாடின கீரைத்தண்டு மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "என்னப்பா பண்ணுது?" என்றேன். "ஒண்ணுமில்ல கண்ணு, காய்ச்சல் தின்ன உடம்பு. கொஞ்சம் வாய்வு." மேல் வயிற்றைத் தடவிக்கொண்டார். ராத்திரி படுத்தால் இருமல் வருகிறது என்று இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்கினாராம். பாதத்தில் காலுறையின் ரப்பர் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. இத்தனையும் கண்ணால் பார்த்தேன், பார்த்துவிட்டு சுக்கு தட்டிப் போட்டுக் காப்பி வைத்தேன்.

கொரோனா சமயத்தில் வாங்கின, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கிற ஆக்சிமீட்டர் அலமாரியில் இருந்தது. மாட்டிப் பார்த்தேன், 91. "விரல் ஜில்லுனு இருக்கு, மெஷினும் பழசு" என்றார் அப்பா. மலையில் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும் என்று நானும் எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், அங்கே ஒன்று இரண்டு புள்ளி குறைவது உண்மைதான். விரல் குளிர்ந்திருந்தால் தப்பாகக் காட்டுவதும் உண்மைதான். ஆனால் அதே மெஷினை அதே குளிரில் அம்மா விரலில் மாட்டினால் 96 காட்டியிருக்கும். அந்த ஒரு நிமிஷ வேலையை நான் செய்யவில்லை. அளந்த எண்ணுக்குச் சமாதானம் சொல்லத்தான் நாம் முதலில் பார்க்கிறோம். விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள், பக்கத்தில் இருக்கும் ஆரோக்கியமான ஆளுக்கும் பாருங்கள். மெஷினே இல்லையென்றாலும் கடிகாரம் இருக்கிறது. பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று அவருக்குத் தெரியாமல் எண்ணுங்கள். 24ஐத் தாண்டினால் கஷாயம் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

நெஞ்சு வலி இல்லையே என்ற நம்பிக்கைதான் என்னை ஏமாற்றிய பெரிய விஷயம். ரொம்ப நாள் சுகர் இருப்பவர்களுக்கு நரம்பு மழுங்கிப்போயிருக்கலாம், அப்படியானால் மாரடைப்பு வந்தாலும் படத்தில் காட்டுவது மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய மாட்டார்கள். அசதி, வேர்வை, மூச்சு வாங்குவது, வாய்வு மாதிரி ஒரு உபாதை, சோறு வேண்டாம் என்பது, சில சமயம் நினைவு கொஞ்சம் குழம்புவது. இதுதான் அவர்களுக்கு வலி. படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தால் சரியாவது, கால் வீங்குவது, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறுவது, இதெல்லாம் இதயம் தள்ள முடியாமல் நீர் கோக்கிறது என்பதற்கு அடையாளம். காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தவருக்கு எடை ஏறினால் அது சதையாகவா இருக்கும்?

ஏன் காய்ச்சல் விட்ட பிறகு? இதை ஐ.சி.யூ. வாசலில் ஒரு இளம் டாக்டர்தான் எனக்குப் பொறுமையாக விளக்கினார். காய்ச்சல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் இதயத் துடிப்பு நிமிஷத்துக்குப் பத்து அளவில் கூடும். ஏற்கெனவே குழாய் சுருங்கின இதயத்துக்கு அது நாள் முழுக்க மலை ஏறுவது மாதிரி. இன்னொரு பக்கம், கிருமியோடு சண்டை போட உடம்பு மூட்டுகிற அழற்சி, ரத்தக் குழாயில் பல வருஷமாகப் படிந்து கிடக்கும் கொழுப்புத் திட்டை உடைத்துவிடும், ரத்தமும் சீக்கிரம் உறையும் பதத்துக்கு வந்துவிடும். சூடு இறங்கினாலும் அந்த அழற்சி உடனே இறங்குவதில்லை. கனடாவில் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள், ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு. அப்பா அப்போது சரியாக அந்த ஏழு நாளுக்குள்தான் இருந்தார். நாங்கள் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் நாலு மணிக்கு "கீழ போய் ஒரு ஈசிஜி எடுத்துட்டு வந்துடலாம்பா" என்று ஒருமுறை சொன்னேன். "நாளைக்குக் காலைல போலாம், இந்தப் பனியில எதுக்கு" என்றார். சரி என்றுவிட்டேன். மலையில் இருப்பவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்: சந்தேகம் இருந்தால் இருட்டுவதற்குள் முடிவெடுங்கள். பகலில் வெறும் சலிப்பாக இருக்கிற அதே ரோடு ராத்திரியில் வேறு. ஏற்காட்டிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஈசிஜி அங்கேயே எடுக்கலாம் என்பதுகூட எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. மாரடைப்பு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப 2023இல் இருந்து அரசு "இதயம் காப்போம்" என்று திட்டமே வைத்திருக்கிறது. என் மனதில் ஆஸ்பத்திரி என்றால் சேலம், அதுவும் கண்ணாடிக் கட்டடம்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு அம்மா எழுப்பினாள். அப்பா கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அந்தக் குளிரில் அப்படி ஒரு வேர்வை. எதிர் வீட்டு அண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், அந்த உதவியை உயிருள்ள வரை மறக்க மாட்டேன். 108க்கு அடிக்கவே இல்லை. அடித்திருந்தால் ஆக்சிஜனாவது கிடைத்திருக்கும். ஜீப்பில் பின் சீட்டில் அவரைப் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் திரும்பத் திரும்ப எழுந்திருக்கப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து, "படுங்கப்பா, ஆயாசப்படாதீங்க" என்று அழுத்தினேன். ஒண்டிக்கடை தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவும் பனியில் ஊர்ந்து இறங்கி, அடிவாரம் வரும் வரைக்கும் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். நுரையீரலில் நீர் கோத்தவரைப் படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்கார வைத்து முதுகுக்கு முட்டுக் கொடுத்து, காலைக் கீழே தொங்க விட வேண்டும். அவர் உடம்புக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. இந்த இடத்தை எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்து போய்விட்டு வந்தேன்.

மூன்று மணிக்குச் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பழைய ஸ்டென்ட் ரிப்போர்ட் எங்கே என்றார்கள், மலையில் பீரோவில் இருந்தது. என்னென்ன மாத்திரை என்றார்கள், "ஒரு வெள்ளைச் சின்னது, ஒரு மஞ்சள்" என்று சொன்னேன். டெபாசிட் 50,000. தம்பி மஸ்கட்டில், அவன் போனில் அழுதானே தவிர ராத்திரியில் அவனால் என்ன செய்ய முடியும். பட்டறை முதலாளியை எழுப்பி ஜிபே வாங்கிக் கட்டினேன். மூன்று ராத்திரிக்கு மொத்த பில் 2,64,000. என் ஆறு பவுன் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. பிரீமியம் 31,000 ஆகிவிட்டது என்று போன வருஷம்தான் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அப்பாவுக்கு இருந்தது, அதுவும் அதே பீரோவில். மறுநாள் கேட்டபோது, பணம் கட்டி அட்மிஷன் போட்டாச்சு, இனி மாற்ற முடியாது என்று கவுன்டரில் சொன்னார்கள். சேர்க்கும்போதே "காப்பீட்டு அட்டை இருக்கு, இங்கே எடுப்பீர்களா" என்று நாம்தான் கேட்க வேண்டும், அவர்களாகக் கேட்பதில்லை. இப்போது அம்மாவின் அட்டை, ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, கடைசியாக எடுத்த எக்கோ என்கிற இதய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் என் போனில் படமாக இருக்கிறது. பத்து நிமிஷ வேலை.

இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறியிருந்தது. எக்கோவில் இதயம் தள்ளும் திறன் 25 சதவீதம். மூக்கில் எடுத்த சளிப் பரிசோதனையில் இன்ஃப்ளுயன்ஸா. ஞாயிறு மதியம் கொஞ்சம் தேறி, மாஸ்க்குக்குள்ளிருந்து "அம்மா சாப்ட்டாளா" என்று கேட்டார். திங்கள் ராத்திரி பிரஷர் இறங்கியது. செவ்வாய் விடிகாலை ஐந்து ஐம்பதுக்கு முடிந்தது. இதற்கு மேல் அந்த மூன்று நாளைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மலை வீட்டுக்குப் போய்ச் சாமான் ஒதுக்கியபோது மாத்திரை டப்பா கிடைத்தது. கிழமைக்கு ஒரு அறையாக நான் வாங்கிக் கொடுத்த நீல டப்பா. செவ்வாய் வரை காலி. புதன், வியாழன், வெள்ளி, சனி நாலு அறையும் அப்படியே நிறைந்திருந்தது. அம்மாவைக் கேட்டேன். "சாப்பிடலையே கண்ணு, வெறும் வயித்துல அத்தனை மாத்திரை எதுக்குன்னு உங்கப்பாதான் சொன்னாங்க. காய்ச்சல் மாத்திரை வேற சூடுன்னு..." ஆஸ்பிரின், கொலஸ்ட்ரால் மாத்திரை, துடிப்பைக் கட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலால், எல்லாமே நிறுத்தியாச்சு. இதயத்துக்கு அவை மிகவும் தேவைப்பட்ட நாலு நாளில். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, டப்பாவை என் பையில் போட்டுக்கொண்டேன்.

இதைப் பிறகு இதய டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாப்பிட முடியாமல் வாந்தி பேதியாக இருக்கும்போது சுகர் மாத்திரை சிலவற்றையும், நீர் மாத்திரை, பிரஷர் மாத்திரை சிலவற்றையும் டாக்டரே குறைக்கவோ நிறுத்தவோ சொல்வதுண்டு. டெங்கு என்றால் ஆஸ்பிரினைப் பற்றியும் யோசிப்பார்கள், ரத்தக் கசிவு பயம் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் எதை நிறுத்துவது என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது, குறிப்பாக மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரையைச் சட்டென்று விட்டால் இதயம் பாய்ந்துகொண்டு துடிக்கும். காய்ச்சல் வந்த முதல் நாளே வழக்கமான டாக்டருக்கு ஒரு போன், "எதைத் தொடரலாம், எதை விடலாம்" என்று ஒரே கேள்வி.

தடுப்பூசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளூவுக்கு வருஷா வருஷம் தடுப்பூசி இருக்கிறது. பெரியவர்களுக்கு அரசு இலவசமாகப் போடும் பட்டியலில் அது இல்லாததால் யாரும் பேசுவதில்லை. எட்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப் போனோம், ஒருவர் வாயிலும் அந்தப் பேச்சு வரவில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு உடனே அந்த ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2021இல் வந்திருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 2.9, போடாதவர்களில் 4.9. இந்த மாதம் அம்மாவுக்குப் போட்டுவிட்டேன், 1,850 ரூபாய். கிருமி உருமாறுவதால் ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதாது, போட்டுப் பலன் வரவும் இரண்டு வாரம் ஆகும். அதனால் மழைக்கு முன்னாடியே போடுவது நல்லது.

அம்மா இப்போது என்னோடு அஸ்தம்பட்டியில் இருக்கிறாள். அவளுக்கும் பிரஷர், 69 வயது. இங்கே புழுக்கம் தாங்கவில்லை, நவம்பரில் காப்பிப் பழம் பறிக்கிற சமயத்துக்கு மலைக்கே போய்விடுவேன் என்கிறாள். தம்பி கூடாது என்கிறான். நான் போகட்டும் என்கிறேன். எடை மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறேன். எதிர் வீட்டு அண்ணன் நம்பரும், 108உம், அவள் மாத்திரைகளின் பெயரும் கொட்டை எழுத்தில் எழுதி லாமினேட் பண்ணியாச்சு. நேற்று அவள் லேசாக இருமினாள். தட்டுவடை செட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன கண்ணு எண்ணற?" என்றாள். பதினெட்டு.